தெய்வசிகாமணியின் தண்ணீரில்லாக் கடல்

கரை நிபுணரை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். சாயங்காலம் கடற்கரைச் சாலையில், கருங்கல் குவியலுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, அலை ஏன் இன்று இப்படி மடங்குகிறது, நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது, நீச்சல் தெரியாதவன் சுழலில் மாட்டினால் முதலில் எதைச் செய்யவேண்டும், எதைச் செய்யவே கூடாது என்று பக்கத்தில் சுண்டல் தின்றுகொண்டிருக்கும் அப்பாவிக்கு விளக்கிக்கொண்டிருப்பார். காலில் ஷூ இருக்கும். ஷூவில் ஒரு மணல் துகள்கூட ஒட்டியிருக்காது.

அவர்தான்.

கடற்கரையில்தான் இவர் கிடைப்பார் என்று நினைத்துவிடாதீர்கள். மாட்டுச் சந்தைக்குப் போய்ப் பாருங்கள். பல்லைப் பிடித்துப் பார்த்து, சுழி எண்ணி, வாலைத் தூக்கி, நாலு நடை நடக்கவிட்டு, சந்தேகம் வந்து மறுபடி பல்லைப் பிடித்துப் பார்த்து, பொழுது சாய்ந்ததும் வெறுங்கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு ஊர் திரும்பும் ஆள் ஒருவர் எந்தச் சந்தையிலும் உண்டு. அவர் மாடு வாங்க வந்தவர் அல்லர். விவரம் வாங்க வந்தவர். விவரத்துக்கு வைக்கோல் போடவேண்டாம், சாணி அள்ளவேண்டாம், அது உதைக்காது. அதைவிட நல்ல மாடு உலகத்தில் உண்டா?

புதுச்சேரியில் இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி, கதிர்காமத்தில் மாடி வீட்டில் குடியிருக்கும் தெய்வசிகாமணி. அரசு அலுவலகம் ஒன்றில் மூத்த எழுத்தர். பி.எஸ்சி. விலங்கியல். அவர் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் கால் அவருடையது. ஆலைத் தொழிலாளியான அவருடைய அப்பா எதையும் விசாரிக்காமல் வாங்குகிறவர். ஒரு தீபாவளிக்கு நடைபாதைக் கடையில் ரேடியோ வாங்கி, பெட்டியைத் தலையில் சுமந்து வந்து, தெருவையே கூட்டி வைத்துப் பிரித்தார். உள்ளே காகிதத்தில் பக்குவமாகச் சுற்றப்பட்ட செங்கல் ஒன்று இருந்தது. அன்றைக்குப் பத்து வயது தெய்வசிகாமணி ஒரு சபதம் எடுத்தார்: முழுக்க விசாரிக்காமல் எதையும் வாங்குவதில்லை. சபதம் நல்ல சபதம்தான். அதில் 'முழுக்க' என்று ஒரு சொல் இருக்கிறது பாருங்கள், அங்கேதான் வினை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பிரெஞ்சுக்காரத் தெருப்பக்கம் ஒரு பல் மருத்துவரின் அறையில், கடைவாய்ப் பல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அவர் முதன்முதலாக ஒரு பவளத் தொட்டியைப் பார்த்தார். சின்னத் தொட்டி. உள்ளே கல்மேல் பச்சைப் பச்சையாகப் பவள நட்சத்திரங்கள் ஆடிக்கொண்டிருந்தன. இரண்டு கோமாளி மீன்கள் கல்யாண வீட்டில் வேலையில்லாத சித்தப்பாக்களைப்போலக் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தன. பல் வலி நின்றுவிட்டது. "அடுத்தது யாரு?" என்று மூன்று முறை கூப்பிட்டும் அவர் எழவில்லை.

மறு வாரமே பெரிய மார்க்கெட் பக்கத்தில் கண்ணாடிக் கடையில் இரண்டடித் தொட்டி ஒன்று செய்யச் சொல்லி, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வேகத்தடைக்கும் 'மெதுவா, மெதுவா' என்று பிரசவத்துக்குப் போகிறவர்போலப் பதறிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார். கூடத்தில், சன்னலுக்கு எதிரே, இரும்பு மேசைமேல் தொட்டி அமர்ந்தது. அவர் மனைவி கண்ணகி மருத்துவமனையில் செவிலியர். வேலை முடிந்து வந்தவள் தொட்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, எப்போது தண்ணீர் ஊற்றப்போகிறார் என்று கேட்டாள். பில்டர் மட்டும் வாங்கவேண்டும், இந்த வாரம் முடிந்துவிடும் என்றார் அவர்.

அது எந்த வாரம் என்று சொல்லவில்லை.

கடல்நீர்த் தொட்டிக்கு பில்டர் என்றால் ஏதோ தேநீர் வடிகட்டி சமாச்சாரம் என்று நினைத்துவிடாதீர்கள். மீன் தின்னும், தின்றால் கழியும், கழிவு தண்ணீரில் நஞ்சாகும், அதை யாராவது எடுத்தாகவேண்டும். கடலில் அந்த வேலையைக் கடலே செய்துகொள்கிறது. இரண்டடிக் கண்ணாடிக்குள் யார் செய்வது? தொட்டியின் முதுகில் பள்ளிக்கூடப் பைபோல ஒன்றை மாட்டிவிடு, போதும் என்பார் ஒருவர். அது சின்னப்பிள்ளை விளையாட்டு, தொட்டிக்கு அடியில் இன்னொரு தொட்டி வைத்து, தண்ணீரை இறக்கி ஏற்றி, அங்கே பாசி வளர்த்துச் சுத்தம் செய்வதுதான் முறை என்பார் இன்னொருவர். இரண்டுமே வீண், தண்ணீரை நுரைக்கவைத்து, அழுக்கை நுரையோடு வழித்தெடுக்கும் ஸ்கிம்மர் இல்லாத தொட்டி சாக்கடை என்பார் மூன்றாமவர். மூவரும் இணையத்தில் பதினெட்டு வருஷமாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். தெய்வசிகாமணி அந்தச் சண்டையை முதல் நாளிலிருந்து படிக்க ஆரம்பித்தார்.

படித்தார், படித்தார், பேருந்தில் படித்தார், சாப்பிடும்போது படித்தார், மைத்துனர் கல்யாணத்தில் தாலி கட்டுகிற நேரத்தில் கெட்டிமேளச் சத்தத்துக்கு நடுவே நுரைக்குழாயின் விட்டத்தைப் பற்றிப் படித்தார். படித்ததை எல்லாம் கணினியில் ஓர் அட்டவணையாக்கினார். மேலே மூன்று பில்டர்கள். பக்கவாட்டில் நாற்பத்தொரு கேள்விகள். சத்தம் எவ்வளவு? மின்சாரம் நின்றால் என்ன ஆகும்? பல்லி விழுந்தால்? ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். இருபது மாதம் கழித்து, ஒரு புதன்கிழமை, அலுவலக இடைவேளையில் கூட்டிப் பார்த்தார்.

மூன்றுக்கும் எண்பத்தேழு.

தொட்டி இந்த இருபது மாதமும் சும்மா இருக்கவில்லை. வீட்டில் காலியாக ஓர் இடம் இருந்தால் அது தானாக நிரம்பும் என்பது இயற்கை விதி. முதலில் தொலைக்காட்சி ரிமோட் வந்தது. பிறகு குடை. பிறகு கல்யாணப் பத்திரிகைகள், மின்சார வாரிய அட்டை, ஒற்றைக் காலுறை. ஒருநாள் அவர் வேலையிலிருந்து வந்து பார்த்தபோது, பாதித் தொட்டிக்கு வெங்காயம் இருந்தது.

"காத்தோட்டமா இருக்குதுங்க" என்றாள் கண்ணகி. "கூடையில போட்டா முளைச்சிடுது. இதுல மூணு வாரமா முளைக்கவே இல்ல."

அவருக்குக் கோபம் வந்தது. வெங்காயம் வைத்ததற்கு அல்ல. வெங்காயத்தோடு நாலு உருளைக்கிழங்கையும் வைத்திருந்தாள். உருளைக்கிழங்கில் மண் இருக்கும். மண் கண்ணாடியைக் கீறும். உருளைக்கிழங்கு வெளியேற்றப்பட்டது. வெங்காயம் நிரந்தரக் குடியுரிமை பெற்றது.

வெங்காயத் தொட்டிக்காரரை யார் மதிப்பார்கள் என்கிறீர்களா? நீங்கள் கரை நிபுணரைச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. அவர் இதற்குள் 'புதுவைப் பவளத் தோழர்கள்' என்ற வாட்சப் குழுவுக்கு அட்மின். பதினான்கு உறுப்பினர்கள். பதின்மூன்று பேர் வீட்டில் தொட்டி இருந்தது. பதினான்காமவரிடம் அறிவு இருந்தது. யாராவது மீன் செத்துவிட்டது என்று ஒரு வரி போட்டால் போதும், தெய்வசிகாமணி பதினேழு பத்தியில் மரண விசாரணை நடத்துவார். அவருடைய பதில்கள் எல்லாம் 'முதல்ல ஒன்னு புரிஞ்சுக்கணும்' என்று ஆரம்பித்து, 'அது உங்க தேவையப் பொறுத்தது' என்று முடியும். நடுவில் உறுப்பினர்கள் தூங்கிவிடுவார்கள். இருந்தாலும் தூங்கி எழுந்தபின் மரியாதை கூடியிருக்கும். புரியாத அளவுக்குப் பேசுகிறவர் தப்பாகவா பேசுவார்?

குழுவில் அவருக்கு ஒரே ஒரு முள். பெயர் காத்தவராயன். வீராம்பட்டினத்தில் படகு எஞ்சின் பழுது பார்க்கிறவன். சேர்ந்த அன்றே 'என் தொட்டி' என்று ஒரு படம் போட்டான். படத்தில் தொட்டி இல்லை. மீன்காரர்கள் ஐஸ் போட்டு மீன் வைக்கும் தடித்த பெட்டி ஒன்று இருந்தது. அதற்குள் கடல்தண்ணீர், நுண்ணுயிர் குடியிருக்கும் நாலு உயிர்ப்பாறை, தண்ணீரைச் சுழற்ற ஒரு குட்டி மோட்டார், மேலே ஒரு விளக்கு. கல்மேல் ஒரு விரல்நக அளவுக்குப் பச்சை நட்சத்திரப் பவளம். சென்னைக் கடையில் ரசீதோடு வாங்கியது என்று ரசீதையும் படம் பிடித்துப் போட்டிருந்தான், கடலில் பெயர்த்ததாக யாரும் நினைத்துவிடக் கூடாதே என்று. பில்டர்? எந்த பில்டரும் இல்லை.

தெய்வசிகாமணிக்கு ரத்தம் கொதித்தது. இருபத்திரண்டு பத்தி எழுதினார். இது பவளம் வளர்ப்பதல்ல, பவளத்தை ஐஸ்பெட்டியில் அடக்கம் செய்வது என்றார். மூன்று மாதம் பாருங்கள் என்று கெடு வைத்தார். காத்தவராயன் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு எஞ்சினைப் பார்க்கப் போய்விட்டான். மூன்று மாதம் கழித்து ஒரு படம் வந்தது. பவளம் உள்ளங்கை அளவு. ஆறு மாதம் பாருங்கள் என்றார் தெய்வசிகாமணி. ஆறு மாதத்தில் அது இரண்டாவது கல்லுக்குப் புல்போலப் படர்ந்திருந்தது. ஒரு வருஷம் பாருங்கள் என்றார். காத்தவராயன் எல்லாக் கெடுவுக்கும் கட்டைவிரலைத் தூக்கினான். அந்தக் கட்டைவிரல் தெய்வசிகாமணியின் கனவில்கூட வந்தது.

இப்படியே காலம் போயிருக்கும். ஆனால் அந்தக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. மாதத்தின் இரண்டாவது ஞாயிறு, சாயங்காலம் நாலு மணிக்கு, ஓர் உறுப்பினர் வீட்டில் எல்லோரும் கூடித் தொட்டி பார்ப்பார்கள். பெண் பார்க்கிற மாதிரியேதான். தொட்டி வீட்டார் சொஜ்ஜி, பஜ்ஜி செய்யவேண்டும். தொட்டி கூடத்திலேயே இருந்தாலும், விளக்கணைத்து ஒரு துணியால் மூடியிருக்க வேண்டும். வந்தவர்கள் முதல் கால்மணி நேரம் அந்தப் பக்கமே திரும்பாமல் வெயிலைப் பற்றியும் வில்லியனூர் ரோட்டைப் பற்றியும் பேசவேண்டும். பஜ்ஜித் தட்டு காலியானதும் மூத்தவர் ஒருவர் தொண்டையைச் செருமி, "சரி, வெளக்கப் போடச் சொல்லுங்க" என்பார். துணி விலகும். 'லட்சணமா இருக்குது' என்று எல்லோரும் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் சம்பந்தம் முறிந்த மாதிரி.

பதின்மூன்று வீடு முடிந்தது. அட்மின் வீட்டு முறை வந்தபோதெல்லாம் வெள்ளையடிப்பு நடந்தது, மாமியாருக்குக் கால் வீங்கியது, வாஸ்துப்படி மேசையைத் திருப்பவேண்டியிருந்தது. குழுவில் செந்தமிழ்ச்செல்வி என்று ஒரு பள்ளி ஆசிரியை; மூன்றாவது பீரியட் பிள்ளைகளைப்போலவே அட்மினையும் நடத்துகிறவள். அவள் முறைப்பட்டியலைப் போட்டு, மாற்றமில்லை என்று எழுதிவிட்டு, அவருக்குத் தொலைபேசியிலும் பேசினாள். தன் பழைய தொட்டியை எடுத்துவிட்டுப் புதிதாக வைக்கப்போகிறாளாம்.

"எந்த பில்டர்னு ஆறு மாசமா நிறுத்தி வெச்சிருக்கேன் சார். ஆளாளுக்கு ஒன்னு சொல்றாங்க. உங்க வீட்ல எது ஓடுதோ அதையே கண்ண மூடிக்கினு வாங்கிடுவேன்."

தெய்வசிகாமணி தொலைபேசியை வைத்தார். கூடத்தைப் பார்த்தார். தொட்டியிலிருந்து வெங்காயங்கள் அவரைப் பார்த்தன. எட்டு நாள் இருந்தது.

எட்டு நாளில் ஒரு பில்டர் வாங்கி மாட்டிவிடலாமே என்று உங்களுக்குத் தோன்றும். தோன்றக் கூடாது. புதுத் தொட்டியில் தண்ணீர் ஊற்றினால் ஆறு வாரம் காத்திருந்து, நுண்ணுயிர் பெருகியபின்தான் பவளம் வைக்கவேண்டும். அவசரப்பட்டு வைப்பவன் கொலைகாரன். இதைச் சொன்னது யார்? குழுவின் நிரந்தர அறிவிப்பாகத் தலையில் ஆணியடித்து வைத்திருப்பது யார்? அவரேதான். தன் கையால் பின்னிய வலையில் தானே துள்ளிய மீன், நகரத்தில் அவர் ஒருவர்தான்.

கண்ணகிக்குப் பாவமாக இருந்தது. தீர்மானம்தான் வரவில்லை என்றால், மூன்று பெயரையும் சீட்டில் எழுதி, அம்மன் படத்துக்கு முன்னால் குலுக்கிப் போட்டு எடுத்துவிடலாம் என்றாள். அவர் முதலில் சிரித்தார், பிறகு யோசித்தார், பிறகு சீட்டு எல்லாம் ஒரே அளவாக இருக்கவேண்டும் என்று அளவுகோல் கொண்டு வந்தார். மூன்று சீட்டு எழுதிய பிறகு, எல்லா வாய்ப்புக்கும் இடம் தருவதுதானே நியாயம் என்று நான்காவதாக ஒன்றையும் எழுதிப் போட்டார். கண்ணகி கண்ணை மூடி எடுத்தாள். பிரித்தாள்.

'இன்னும் விசாரிக்கலாம்.'

அம்மனே சொன்ன பிறகு யார் என்ன செய்யமுடியும்?

சனிக்கிழமை அவர் வீராம்பட்டினத்துக்குப் போனார். ஷூ போட்டுக்கொண்டு போனார். காத்தவராயன் கொட்டகை நிழலில் எஞ்சின் ஒன்றைப் பிரித்துப் போட்டு, முழங்கை வரை கறுப்பாக உட்கார்ந்திருந்தான். எழுந்து, கவிழ்த்த பெட்டி ஒன்றைத் தட்டி உட்காரச் சொன்னான். தெய்வசிகாமணி இருபது நிமிஷம் பேசினார். உயிரியல் முதிர்ச்சி என்றார். தற்காலிக இடமாற்றம் என்றார். அறிவுப் பரிமாற்றத்தின் அவசியத்தை விளக்கினார். காத்தவராயன் போல்ட்டு ஒன்றைத் துடைத்துக்கொண்டே கேட்டான்.

"நாளைக்கு ஆளுங்க வராங்க. உங்க தொட்டி காலியா இருக்குது. அதானே சார்?"

"அப்படியும் சொல்லலாம்."

"ஒரு மணிக்கு வண்டியில வந்துடுறேன். கழுவி மட்டும் வைங்க." கொஞ்சம் யோசித்து, "தொட்டியில தண்ணி நின்னு பாத்திருக்கீங்களா?" என்றான்.

"எட்டு மில்லி கண்ணாடி தம்பி. ஒட்டுற சிலிக்கான்லயே அஞ்சு வகை இருக்குது. முதல்ல ஒன்னு புரிஞ்சுக்கணும்..."

"சரி சார்" என்றான் காத்தவராயன்.

இருபத்திரண்டு பத்தியைப் பற்றி அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தெய்வசிகாமணிக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை வெங்காயம் சமையலறைக்கு நாடு கடத்தப்பட்டது. தொட்டியை ஏழு முறை கழுவினார்; ஏழாவது முறையும் லேசாக சாம்பார் வாசனை வந்தது. ஒரு மணிக்குக் குட்டியானை வண்டி தெருவில் நின்றது. மூடி போட்ட மீன் டப்பாக்களில் பழகிய தண்ணீர், பாறைகள், பச்சைக் கம்பளம்போலப் பவளம், இரண்டு கோமாளி மீன்கள். காலியான ஐஸ்பெட்டி வண்டியிலேயே இருந்தது. திரும்பப் போகும்போது தேவைப்படும் அல்லவா.

காத்தவராயன் தண்ணீரை ஊற்ற ஊற்ற, கண்ணாடிக்குள் அது விரல் விரலாக ஏறியது. தெய்வசிகாமணி மண்டியிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். நீர் விளிம்பு தொட்டது. மோட்டார் முனகியது. பாறைமேல் நட்சத்திரங்கள் ஆடத் தொடங்கின. இருபது மாதமாகப் படித்த எந்த வரியிலும் இது இல்லை. எங்கிருந்தோ ஒரு வெங்காயச் சருகு மிதந்து மேலே வந்தது. கோமாளி மீன் அதை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பியது. அவருக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது. தொட்டியைத் துணியால் மூடிவிட்டு, காத்தவராயனோடு சாப்பிட்டு எழுந்து, குளித்துச் சட்டை மாற்றிக்கொள்ளப் போனார்.

மூன்று ஐம்பதுக்குத் திரும்பி வந்தபோது மேசைக்குக் கீழே தரை ஈரமாக இருந்தது. ஊற்றும்போது சிந்தியிருக்கும் என்று துடைத்தார். மறுபடி ஈரமானது. துணியை விலக்கிப் பார்த்தார். வலது பக்க மூலையில், மேலிருந்து கீழாக, ஒரு கோடு வியர்த்துக்கொண்டிருந்தது. வெயிலுக்கு எதிரே இருபது மாதம் காய்ந்த சிலிக்கான், எவ்வளவு நாள்தான் பொறுக்கும்? அது கண்ணெதிரே மெதுவாக, மரியாதையாக, வாழைப்பழத் தோலைப்போல உரிந்தது.

தெய்வசிகாமணி தாவினார். இரண்டு உள்ளங்கையையும் மூலையில் வைத்து அழுத்தி, தொட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். இருபது மாதத்தில் முதன்முதலாக அவர் கை கடல்தண்ணீரில் நனைந்தது. சட்டை நனைந்தது. வேட்டி நனைந்தது.

"காத்தவராயா!"

"கைய எடுக்காத சார்!" என்று கத்திக்கொண்டே அவன் மாடிப்படியில் நாலு நாலாகத் தாவி இறங்கினான். கண்ணகி அண்டாவைக் கொண்டு வந்தாள், இட்லிக் குண்டானைக் கொண்டு வந்தாள், பஜ்ஜி மாவைக் கீழே கொட்டிவிட்டு அந்தப் பாத்திரத்தையும் கொண்டு வந்தாள். ஐஸ்பெட்டி முட்டி மோதி மேலே ஏறியது. பாறைகள் கை மாறின. ஒரு மீன் குண்டானில் விழுந்து இட்லித் தட்டைச் சுற்றி ஒரு வலம் வந்தது. பவளம் பயந்து, நட்சத்திரங்களை எல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு வெறும் ஊதாத் தோலாகச் சுருங்கியது. காத்தவராயன் கடைசிக் கல்லையும் கடைசி மீனையும் பெட்டியில் விட்டு, மோட்டாரைச் சொருகினான். மிச்சத் தண்ணீரை அவன் மொண்டு பெட்டியில் ஊற்ற ஊற்ற, அது பாதி பெட்டிக்கும் பாதி கூடத்துக்குமாகப் பிரிந்து போனது.

அழைப்பு மணி அடித்தது.

உள்ளே வந்த பன்னிரண்டு பேரும் கண்டது இதுதான்: கணுக்கால் ஈரத்தில் கூடம். நடுவில் ஓர் ஐஸ்பெட்டி. தன் துண்டாலேயே தரையைத் துடைத்துக்கொண்டிருக்கும் காத்தவராயன். மேசைமேல் காலித் தொட்டி. அதைக் கட்டிப்பிடித்து, கண்ணை மூடி, மண்டியிட்டிருக்கும் அட்மின். தண்ணீர் போன பிறகும் அவர் கையை எடுக்கவில்லை. எடுக்கச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கும் பெரியவர் ஒருவர், பூசை நடக்கிறது என்று எண்ணிச் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மற்றவர்கள் முறைப்படி தொட்டியைப் பார்க்காததுபோல வெயிலைப் பற்றிப் பேச முயன்றார்கள். முடியவில்லை.

செந்தமிழ்ச்செல்விக்கு மட்டும் கண் மின்னியது. மேலே காலித் தொட்டி, கீழே கல்லும் பவளமுமாகப் பெட்டி, நடுவே ஈரம். சுற்றி வந்து பார்த்தாள்.

"சார், இது புது முறைதானே? மேலேர்ந்து தண்ணி கீழ எறங்கி, பெட்டிக்குள்ளயே சுத்தமாகுது. நீங்களே கண்டுபிடிச்சதா?"

பன்னிரண்டு பேரும் தலையை ஆட்டத் தயாராக இருந்தார்கள். ஒரே ஒரு 'ஆமாம்' போதும். மிச்சத்தை 'முதல்ல ஒன்னு புரிஞ்சுக்கணும்' பார்த்துக்கொள்ளும். அந்த ஆமாமுக்குப் பிறகு அவள் நேரே கண்ணாடிக் கடைக்குப் போய், இல்லாத ஒரு பில்டருக்கு அளவு கொடுப்பாள். தெய்வசிகாமணி வாயைத் திறந்தார். காத்தவராயன் நிமிரவில்லை, துண்டை வாளியில் பிழிந்தான், மறுபடி துடைத்தான். சின்ன வயதில் தெருவே சுற்றி நின்ற அந்தத் தீபாவளியும், காகிதத்துக்குள்ளிருந்து வந்த செங்கலும் எதற்கோ அவருக்கு அப்போது ஞாபகம் வந்தன. இந்த முறை பெட்டி கட்டி விற்கிறவர் யார் என்பதும் தெரிந்தது.

"பெட்டி அவருது" என்றார். "தண்ணி அவருது. கல்லு, மீனு, பவளம் எல்லாம் அவருது." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "தொட்டி மட்டும்தான் என்னுது. அது ஒழுவுது."

"வெங்காயமும் எங்களுதுதான்" என்றாள் கண்ணகி, சமையலறை வாசலிலிருந்து.

முதலில் சிரித்தது யார் என்று பிறகு குழுவில் தகராறே நடந்தது. பெரியவர்தான் என்று சிலர் சொல்கிறார்கள். தெய்வசிகாமணியேதான் என்கிறாள் கண்ணகி. எல்லோரும் சேர்ந்து கூடத்தைத் துடைத்தார்கள். பஜ்ஜி இல்லை, பொட்டுக்கடலை வந்தது. செல்வி காத்தவராயனைப் பிடித்துக்கொண்டாள். பில்டரே இல்லாமல் எப்படி ஓடுகிறது?

"கல்லுதான் டீச்சர் சுத்தம் பண்ணுது, அதுல இருக்கிற பூச்சிங்க. நான் வாரத்துக்கு ஒரு கொடம் மொண்டு ஊத்திட்டு, புதுத் தண்ணி ஒரு கொடம் ஊத்துவேன். ரெண்டு மீனுக்கு மேல வுடறதில்ல. பெட்டி தடிப்பா, வெயிலு உள்ள போவாது." கொஞ்சம் வெட்கத்தோடு முடித்தான். "கொடம் கணக்கு, மீன் கணக்கு எல்லாம் அப்புறமா சார் போட்ட மெசேஜ்ல பாத்து வெச்சதுதான். பத்தொம்பதாவது பத்தி."

தெய்வசிகாமணி நிமிர்ந்து பார்த்தார். அந்த இருபத்திரண்டு பத்தியைக் கடைசிவரை படித்த ஒரே மனிதன் அவன்தான்.

அந்த நேரத்தில் பெட்டிக்குள் ஊதாத் தோலில் ஒரு பச்சைப் புள்ளி எட்டிப் பார்த்தது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் பத்து, நூறு. பெரியவர் தொண்டையைச் செருமினார்.

"சரி, வெளக்கப் போடச் சொல்லுங்க."

லட்சணமாகத்தான் இருந்தது.

செல்வி மறுநாளே ஐஸ்பெட்டி வாங்கிவிட்டாள். காத்தவராயன் தன் பெட்டியை இங்கேயே விட்டுப் போனான். அவனிடம் இன்னொன்று இருந்தது, பவளத்தில் பாதியைக் கல்லோடு எடுத்துக்கொண்டான். படி இறங்கும்போது திரும்பி, "வாரம் ஒரு கொடம் சார். இதப் பத்தி மட்டும் ஒன்னும் படிச்சிடாத" என்று சொல்லிவிட்டுப் போனான்.

தெய்வசிகாமணி நான்கு ஞாயிறு தன் கையாலேயே தண்ணீர் மாற்றினார். ஐந்தாவது ஞாயிறு, மொண்டு ஊற்றுகிற குவளை எந்தப் பிளாஸ்டிக் என்று ஒரு சந்தேகம் வந்தது. இப்போது அட்டவணையில் ஆறு குவளைகள், இருபத்து மூன்று கேள்விகள். முடிவு வரும்வரை கண்ணகி குளியலறைச் சொம்பால் மொண்டு ஊற்றுகிறாள். பவளம் மூன்றாவது கல்லுக்குத் தாவிவிட்டது. மொட்டை மாடியில் ஒழுகும் தொட்டியில் வெங்காயம் இன்னும் முளைக்கவில்லை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இவ்வளவையும் படித்துவிட்டு, 'அதெல்லாம் சரி, அந்த மூன்றில் எந்த பில்டர்தான் நல்லது, கடைசிவரை சொல்லவே இல்லையே' என்று உங்கள் மனதில் ஒரு மூலையில் அரித்ததா, இல்லையா? அரித்தது என்றால் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். எழுந்து போய் உங்கள் வீட்டைச் சுற்றி வாருங்கள். துணி காயும் அந்த ஓட்டப்பயிற்சி எந்திரம், குடை மாட்டிய அந்த கிதார், பிரிக்காத அந்தத் தையல் மெஷின் பெட்டி, முதல் பக்கத்தில் பெயர் மட்டும் எழுதிய அந்தக் கெட்டி அட்டை நோட்டு. பொறுமையாகப் பாருங்கள், அவசரமில்லை.

உங்கள் வெங்காயம் எதில் இருக்கிறது?